அப்பாவின் பெயரில் வந்த அழைப்பு

பிரியமானவர்களே, 2003-ஆம் வருடக் கோடையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஊரப்பாக்கத்தில் யாருமே இல்லை. அப்பா இறந்து ஒரு வருடம். அம்மா பேச்சையே குறைத்துக்கொண்டிருந்தார். கூடப் படித்தவர்கள் பெங்களூர், ஐதராபாத் என்று போய்விட்டார்கள். நான் வேதியியல் பட்டத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டு ஸ்டேஷனில் உட்கார்ந்து மின்சார ரயில்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நிற்கும். இறங்குவார்கள், ஏறுவார்கள். போய்விடும். பிளாட்பாரம் மறுபடி எனக்கு மட்டும்.

ஆலயத்திலும் கடைசி பெஞ்சுதான். ஆசீர்வாத ஜெபத்துக்கு எல்லோரும் கண் மூடும் நேரம் பார்த்து வெளியேறிவிடுவேன். இருந்தால், வேலை ஏதாச்சும் ஆச்சா தம்பி என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். அந்த அன்பைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

தாம்பரத்தில் ராணுவத்துக்கு ஆள் எடுப்பதாகப் பேப்பரில் வந்தது. எழுத்தர் வேலை. எனக்கு தேசபக்தி ஒன்றும் பொங்கவில்லை. உண்மையைச் சொல்வதுதானே சாட்சி. அந்த மாதத்தோடு என் வயது வரம்பு முடிகிறது. அடுத்த முறை என்பது கிடையாது. கிளம்பும் முன் ஒரு வரிதான் ஜெபித்தேன்: "ஆண்டவரே, யாராவது ஒருமுறை என்னைக் கூப்பிடட்டும்."

ஓட்டத்தில் தேறிவிட்டேன். அடுத்து சான்றிதழ் பார்க்கவும் மார்பளவு எடுக்கவும் ஒவ்வொருவராக அழைத்தார்கள். மூன்று முறை கூப்பிட்டும் எழாதவனின் தாள் ஓரமாகப் போய்விடும். புழுதியில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஒலிபெருக்கியில் வடநாட்டு அதிகாரி ஒருவர், "தேவ்சகாய்" என்றார்.

சட்டென்று நிமிர்ந்தேன். தேவசகாயம் என் அப்பாவின் பெயர். வேறு யாரோ ஒரு தேவசகாயம் இருக்கிறார் போல என்று குனிந்துகொண்டேன். மறுபடியும் "தேவ்சகாய்". பக்கத்தில் இருந்த பம்மல்காரன் என் மடியில் இருந்த விண்ணப்ப நகலை எட்டிப் பார்த்து, முழங்கையால் இடித்தான்.

"மச்சான், உன் பேப்பர்ல அந்தப் பேருதான கீது? இன்னா குந்திகினு கீற?"

"அது எங்கப்பா பேரு."

"அப்போ மார் அளக்க உங்கப்பாவா வருவாரு? எழுந்து போடா."

அப்போதுதான் உறைத்தது. விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்லியிருந்தார்கள். நம் வழக்கப்படி அப்பா பெயரை முன்னால் போட்டு, ஜான்சன் என்ற என் பெயரைப் பின்னால் எழுதியிருந்தேன். முன்னால் இருப்பதே ஆளின் பெயர் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது அழைப்புக்குள் ஓடினேன். ஓடும்போதே அழுகை வந்தது. தேவனுடைய சகாயம். நான் கேட்டதும் அதைத்தானே. அந்தப் பெயரையே சொல்லி ஆண்டவர் என்னைக் கூப்பிட்டார்.

எல்லாம் முடிந்து நான் வெளியே வந்தபோது பம்மல்காரனின் இடம் காலி. மார்பளவு போதவில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். அவன் பெயரை நான் கேட்கவே இல்லை.

பதினேழு வருடம் பனியிலும் மணலிலும் கோப்பு எழுதினேன். தனிமை அங்கேயும் கூடவே வந்தது, மறைக்கவில்லை. ஆனால் தினமும் காலையில் அப்பாவின் பெயர் ஒலிக்கும்; நான் ஆஜர் சொல்வேன். அந்த ஒரு கணம் நாங்கள் இரண்டு பேர்.

படித்து வேலையில்லாத எல்லோருக்கும் ராணுவமே மருந்து என்று சொல்ல வரவில்லை. அன்று அந்த மைதானத்திலிருந்து பஸ் ஏறித் திரும்பிப் போனவர்களே அதிகம். அவர்களுக்கும் அவர்தான் தேவன்.

இப்போதும் கடைசி பெஞ்சில்தான் உட்காருகிறேன், ஆசீர்வாத நேரத்தில் கண்ணைத் திறந்துகொண்டு. எழுந்து போகப் பார்க்கிற தம்பி, தங்கச்சி, கொஞ்சம் இரு. அவர் கூப்பிடுவார். நீ எதிர்பார்க்கிற பெயரில் கூப்பிடாமல் போகலாம், காதைக் கொடு. வேலை ஆச்சா என்று நான் கேட்க மாட்டேன். உன் பெயர் என்ன என்று மட்டும் கேட்பேன்.