கலெக்டர் ஆபீசில் நெத்திலி வியாபாரம்

அறுபதுகளின் நடுவில், பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்காகப் பரங்கிப்பேட்டையில் ஒரு மாலைப் பள்ளி நடந்தது. இடம் ஜமாஅத்துடையது. பெஞ்சும் அரிக்கேன் விளக்கும் மீனவர் பஞ்சாயத்து கொடுத்தது. மனு எழுதித்தரச் சிதம்பரத்திலிருந்து கல்லூரி மாணவர்கள் ரயிலில் வந்தார்கள். எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்று, ஆரம்பப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருந்த என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

வந்தவர்களில் பெரும்பாலோர் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம்மூர்க்காரர்கள். தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. ஒருவர் மட்டும் இரண்டும் தெரியாதவர். எங்கள் ஊர்க்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்த பர்மியப் பெண் அவர். அங்கே சுருட்டு சுற்றியவர், எதற்கும் வாய்விட்டுச் சிரிப்பவர்.

அவருக்குக் குடியுரிமை கிடைக்க வேண்டுமென்றால் கடலூரில் அதிகாரி முன்னால் உறுதிமொழி எடுக்க வேண்டும். அதிகாரி வரிவரியாகச் சொல்வார், இவர் திருப்பிச் சொன்னால் போதும் என்று மாணவர்கள் விசாரித்து வந்தார்கள். நானும் அதையே பழக்கினேன்.

"நான் சொல்றதைச் சொல்லுங்க."

"நான் சொல்றதைச் சொல்லுங்க" என்பார் அவர், என்னைவிடத் தெளிவாக.

மற்ற தமிழையெல்லாம் அவருடைய பக்கத்து வீட்டு மீன்காரக்கா கற்றுக்கொடுத்தார். காலையில் இவரையும் சந்தைக்கு இழுத்துப் போய்விடுவார். ஜமாஅத் செயலாளருக்கு அது பொறுக்கவில்லை. "நம்ம புள்ளைய அந்தம்மா கெடுத்துப்புடும் போலருக்கே டீச்சர்" என்று புலம்பினார்.

குறித்த நாளில் அந்தப் பெண், அவர் கணவர், செயலாளர், நான், கூப்பிடாமலே வந்த மீன்காரக்கா எல்லோரும் கடலூர் கலெக்டர் ஆபீசில் போய் நின்றோம்.

"உக்காருங்கம்மா" என்றார் அதிகாரி.

"உக்காருங்கம்மா" என்றார் இவர் பணிவாக.

அதிகாரி ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார். "பேர் என்ன?"

"பேர் என்ன?"

என்ன தோன்றியதோ, அதிகாரி தன் பெயரைச் சொல்லிவிட்டார். இவரும் அதே பெயரைக் கணீரென்று சொன்னார்.

"ஐயா, அது இவ பேரு இல்லீங்க!" என்று கணவர் பதறினார்.

"இவங்களுக்குத் தமிழ் தெரியுமா, தெரியாதா?"

"இவங்களுக்குத் தமிழ் தெரியுமா, தெரியாதா?" என்று இவர் எங்களைப் பார்த்துக் கேட்டார். செயலாளர் என்னை முறைத்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வாசலில் நின்ற மீன்காரக்காவுக்குத் தாங்கவில்லை. "சார், இந்த மாதிரி கேட்டா அது எப்புடிச் சொல்லும்? மீனப் பத்திக் கேளுங்க சார்!"

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏம்மா, நெத்திலி பழசா இருக்கே?" என்றார்.

அவ்வளவுதான். இவர் முந்தானையை இடுப்பில் செருகினார். "யாரு மீனு பழசு? காலைல புடிச்சது, கண்ணத் தொறந்து ஒன்னயே பாக்குது! வேணும்னா வாங்கு, வேணாட்டி நவுரு. பின்னால ஆளு நிக்குது!"

அதிகாரி தன்னையறியாமல் நாற்காலியோடு நகர்ந்தார்.

"சரிம்மா, வாங்கிக்கறேன்" என்றார்.

"அப்புடி வா வழிக்கு" என்று இவர் மேஜையிலிருந்த தாளை எடுத்துப் பொட்டலம் மடிக்க ஆரம்பித்தார். அது அவருடைய மனு. செயலாளர் பாய்ந்து பிடுங்கினார்.

அதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு எழுந்து நின்று உறுதிமொழியை வாசித்தார். இவர் ஒரு சொல்லும் பிசகாமல் திருப்பிச் சொன்னார். நடுவில் அதிகாரி இருமினார், அதையும் விடவில்லை. கையெழுத்து விழுந்தபோது கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் ரயிலில், தமிழ் யார் கற்றுக்கொடுத்தது என்று செயலாளரும் மீன்காரக்காவும் ஆலப்பாக்கம் தாண்டியும் சண்டை போட்டார்கள். என் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் செயலாளரே போய் மீன்காரக்காவைப் பள்ளிக்கு அழைத்தார், கூடையை மட்டும் வெளியே வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அக்கா கூடையோடுதான் உள்ளே வந்தார். வகுப்பு முழுக்க வாடை அடித்தது. ஆனால் அன்று ஒருவரும் பாதியில் எழுந்து போகவில்லை.