சித்தப்பா முழுதாகப் பார்த்த படம்

அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை இன்றும் தொலைக்காட்சியில் போடுகிறார்கள். நான்கு திருடர்கள் நகைக்கடையைக் கொள்ளையடித்து, நகைகளை ஒரு பியானோவுக்குள் ஒளித்துவிட்டு, அதை லண்டன் தெருவெல்லாம் தள்ளிக்கொண்டு அலைகிற கதை. போன வாரம் என் பிள்ளைகள் அதைப் பார்த்து உருண்டு புரண்டு சிரித்தார்கள். நான் பாதியில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். சித்தப்பா காலமாகி ஆறு வருடமாகிறது. அவருடைய சிரிப்பில்லாமல் அந்தப் படத்தைப் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை.

சித்தப்பா என் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லண்டனில், இல்ஃபோர்டில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருந்தார். பெற்றோல் ஷெட்டில் வேலை, அரைகுறை ஆங்கிலம், முடிவில்லாமல் இழுபடும் வீசா. தெருவில் பொலிஸ்காரரைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறி நடப்பார். அதனால்தானோ என்னவோ, மேட்டில் ஏறாமல் நின்ற பியானோவுக்குப் பொலிஸ்காரர் ஒருவரே தோள்கொடுக்கிற கட்டத்தில் அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிடும்.

"பாத்தியே பிள்ளை, பொலிஸே தள்ளுது!"

ஆனால் படத்தின் முடிவைப் பார்க்க அவருக்கு ஒருமுறையும் கொடுத்துவைக்கவில்லை. அதற்குள் ஷிப்ட் வந்துவிடும்.

எனக்கு ஒன்பது வயதில், டிசம்பரில் ஒரு நத்தார் விடுமுறைப் பிற்பகல், அவர் வேலையில் இருந்தபோது அந்தப் படத்தைப் போட்டார்கள். பதிந்து வைத்து அவரை அசத்த நினைத்து வீடியோ கசெட் தேடினேன். ஷோகேசில் இருந்ததெல்லாம் பெயர் எழுதிய கலியாணவீட்டுக் கசெட்டுகளும், பெரியபிள்ளையான பெண்களின் சாமத்தியவீட்டுக் கசெட்டுகளும். சித்தப்பாவின் அலுமாரியில், சட்டைகளுக்குப் பின்னால், பெயரில்லாத ஒன்று கிடந்தது. பெயரில்லை என்றால் வெறும் கசெட்தானே. அதன் ஓரத்துத் துளையை செலோடேப்பால் மூடினால் மேலே பதியலாம் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை.

இறுதிச்சடங்கைப் பிடித்த செத்தவீட்டுக் கசெட்டில் எங்கள் ஆட்கள் பெயர் எழுதுவதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியாது. அது சித்தப்பாவின் அக்காவின் செத்தவீடு. தாயில்லாத அவரை வளர்த்து ஆளாக்கியவர் அந்த அக்கா. வீசா இல்லாமல் இவர் போக வழியில்லை என்று ஊரிலிருந்து வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். பார்க்கத் துணிவு வராமல், பிறகு பார்ப்போம் பிறகு பார்ப்போம் என்று எட்டு மாதமாக வைத்திருந்தார்.

அவர் வேலையால் வந்ததும் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். கசெட்டின் பெட்டியைக் கையில் எடுத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்து அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"என்ன வேலை செய்துபோட்டாய்!" என்று என் முதுகில் ஒன்று வைத்தார்.

"விடுங்கோ அண்ணி, பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று சித்தப்பா என்னை இழுத்துத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

அதன் பிறகு வேலையில்லாத ஞாயிறுகளில் எல்லாம் அவர் அந்தக் கசெட்டைப் போட்டார். வீடே கூடியிருந்து சிரிக்கும். இவனுக்குப் படப் பைத்தியம் முற்றிவிட்டது என்று அப்பா கேலி செய்வார். முடிந்ததும் நாங்கள் சாப்பிட எழும்புவோம்.

"நீங்கள் போங்கோ, நான் நிப்பாட்டிப்போட்டு வாறன்" என்பார் சித்தப்பா.

ஒரு ஞாயிறு, மறந்து விட்டுவந்த கதைப்புத்தகத்தை எடுக்கத் திரும்பிப் போனேன். திரையில் வண்ணத்தில் ஊரின் குறுகலான ஒழுங்கை ஒன்று. பாடை வீட்டு வாசல் படலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கூடப் போனவர்களின் முதுகுகள்தான் தெரிந்தன. அக்காவின் முகம் வந்த இடமெல்லாம் திருடர்களுக்கு அடியில் போயிருந்தது. படம் முடிந்த பிறகு அழியாமல் எஞ்சியது மூன்று நிமிடம். சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு, சித்தப்பா முன்னால் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உதவி செய்யப் பார்த்தேன். "சித்தப்பா, வேகமா ஓடவிட்டால் நேரே இந்த இடத்துக்கு வரலாம்."

"வேண்டாம் பிள்ளை. முதல் கொஞ்சம் சிரிச்சால்தான் என்னால இதைப் பாக்க ஏலும்."

நான் தலையாட்டிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவ்வளவு நல்ல படத்தைப் பதிந்து கொடுத்தது நான்தான் என்று உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.