மறையூர் மேட்டை அளந்த நாள்

சென்ற தை மாதம், பொங்கல் முடிந்த வாரத்தில், மறையூரிலிருந்து என் தங்கை ருக்மணி போன் செய்தாள். அவளுடைய கரும்புக் காட்டுக்கு மேலே அரசுப் புறம்போக்கு மேடு ஒன்று இருக்கிறது. அங்கே புதிதாகப் பல்கலைக்கழகம் வரலாம் என்று பேச்சு. அதற்கு முதல் அளவு எடுக்க வியாழக்கிழமை ஆட்கள் வருகிறார்கள், எல்லைக்காரர்கள் அவரவர் மூலையில் வந்து நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்களாம்.

“காலேஜு வர்றது நல்லதுதானுங்கண்ணா. ஆனா அவரு படுத்திருக்கற எடம் நம்ம பக்கம் வருதா, அவங்க பக்கம் போகுதான்னு தெரியாமத் தூக்கமே இல்லீங்க. நீங்க வந்து பக்கத்துல நின்னாத் தெம்பா இருக்கும்.”

அவர் என்றால் அவள் கணவர், என் மாப்பிள்ளை. நான்கு வருடம் முன்பு இறந்தார். கரும்புக் காடு முழுவதும் தெரிகிற அந்த மேட்டின் விளிம்பில்தான் தன்னைப் புதைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அப்படியே செய்தோம்.

எனக்கு எழுபத்து மூன்று வயது. எழுதப் படிக்கக் கற்று இரண்டு வருடம் ஆகிறது. கைபேசியில் ஒற்றை விரலால் எழுதுகிறேன். இதுவரை எழுதியதற்கே ஒரு காலைப்பொழுது போய்விட்டது, ஆனாலும் என்ன ஒரு சந்தோஷம்!

புதன்கிழமை காலை ஆறரைக்கு மீனாட்சிபுரத்தில் பஸ் ஏறினேன். பொள்ளாச்சி பன்னிரண்டு கிலோமீட்டர் போல. அங்கிருந்து உடுமலைக்கு அரை மணிக்கு ஒரு பஸ்ஸாவது கிடைக்கும். உடுமலையிலிருந்து மறையூருக்குச் சுமார் நாற்பத்திரண்டு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். மூன்று பஸ்ஸுக்கும் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது. முன்பெல்லாம் உடுமலை நிலையத்தில் நாலு பேரிடம் கேட்டுத்தான் ஏறுவேன். இந்த முறை நானே பெயர்ப்பலகையைப் படித்து ஏறினேன். வழியிலும் கடைப் பெயர், ஊர்ப் பெயர், சின்னாறு வனச் சாவடிக்கு முன்னால் யானை கடக்கும் இடம் என்ற பலகை, ஒன்றையும் விடவில்லை. பக்கத்தில் இருந்தவர் கடைசியில் கேட்டேவிட்டார்:

“ஏனுங்க பெரியவரே, மறையூர் வரைக்கும் படிச்சுட்டேதான் வருவீங்களா?”

“அதுக்கு அங்கிட்டும் பலகை இருக்குதுங்களா?” என்றேன். சிரித்துவிட்டு ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார்.

சின்னாறு தாண்டினால் காடு காய்ந்து கிடக்கும். மறையூர் நெருங்கும்போது திடீரென்று கரும்பும் வெல்லம் காய்ச்சும் புகையும் வரும். பஸ் நிலையத்திலிருந்து தங்கை ஊருக்கு ஐந்து கிலோமீட்டர். பங்கு ஜீப்பில் ஆளுக்கு முப்பது ரூபாய்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே மேட்டில் நின்றோம். சர்வேயர் ஒரு மலையாளப் பெண். தொப்பி போட்டு, கைக்குட்டையால் கழுத்தைச் சுற்றியிருந்தார். கூட இரண்டு பேர் முக்காலியும் கருவியும் தூக்கி வந்தார்கள். அளவைத் தொடங்க அவருக்கு ஒரு பழைய அளவுக்கல் வேண்டும். புல்லை விலக்கிக்கொண்டே வந்தவர் மாப்பிள்ளையின் தலைமாட்டுக் கல்லைப் பார்த்து நின்றுவிட்டார். மேலே பூசியிருந்த மஞ்சளைச் சுரண்டினார். உள்ளே எண் வெட்டியிருந்தது.

“இதா இருக்கு கல்லு! அம்மே, இது உங்கட மூலை அல்லே? நல்லா பூஜையெல்லாம் செஞ்சு வெச்சிருக்கு.”

ஆனால் அது மூலை இல்லை. காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் புதைத்தவருக்கு மூன்றாம் நாள் பாலூற்றித் தலைமாட்டில் கல் நடுவோம். மாப்பிள்ளை போனது ஐப்பசி மழையில். சாலையில் மண் சரிந்து, ஊரிலிருந்து கல் கொண்டுவர ஜீப் ஓடவில்லை. கீழே வாய்க்கால் கரை இடிந்து ஒரு கல் சாய்ந்து கிடந்தது. சதுரமாகச் செதுக்கி, முகத்தில் ஏதோ வெட்டிய கல். அங்கே கூடியிருந்த எங்களில் யாருக்கும் அது அளவுக்கல் என்று தோன்றவில்லை. எழுத்து வெட்டிய கல்லே கிடைத்தது அவர் செய்த புண்ணியம் என்று சொல்லி, மாப்பிள்ளையின் அண்ணன் மக்கள் தோளில் சுமந்து வந்து நட்டார்கள்.

உண்மையான மூலை கீழே வாய்க்கால் கரை. சமாதி இருப்பது புறம்போக்கில். ஆனால் இந்தக் கல்லையே மூலையாக எடுத்தால் சமாதி தங்கையின் காட்டுக்குள் வந்துவிடும். அவள் தூக்கமில்லாமல் வேண்டிக்கொண்டது இதுதான்.

பக்கத்துக் காட்டுக்காரர் முருகேசன் என் காதருகே வந்தார். “வாயத் தொறந்துறாதீக. அவுகளாத்தானே சொல்லுதாக? ஒருக்கா பதிஞ்சிட்டா அப்புறம் அதான் எல்லை.”

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் கல்லைப் பார்த்தாள். முக்காலியைக் கல்லின் மேல் நிறுத்திக் கருவியைப் பூட்டத் தொடங்கியிருந்தார்கள்.

“அம்மணி, கொஞ்சம் நில்லுங்க,” என்றாள் ருக்மணி. “அந்தக் கல்லு இங்க இருந்ததில்லீங்க. கீழ வாய்க்காக் கரைல கெடந்தத நாங்கதான் தூக்கியாந்து நட்டோம். இது எங்க ஊட்டுக்காரரு சமாதிங்க.”

“அடப் பாவமே!” என்று முருகேசன் தலையில் அடித்துக்கொண்டார். “சும்மா இருந்தா ஆகாதா தாயி? யாரு கேட்டா?”

“அவரு வரப்பு வெட்டுனா ஒரு சாண் தள்ளி வெட்டமாட்டாருங்க. இப்பப் படுத்திருக்கறவர எழுப்பிப் பொய்ச் சாட்சி சொல்லுன்னு நான் நிறுத்தறதுங்களா?”

சர்வேயர் தொப்பியைக் கழற்றினார். பிறகு கருவியைக் கீழே இறக்கச் சொல்லி, வாய்க்கால் ஓரத்தில் மிச்சமிருந்த கற்களிலிருந்து அளந்து வந்தார். மத்தியானம் ஆகிவிட்டது. சமாதி எல்லைக்கு வெளியே பதினொரு மீட்டரில் இருந்தது.

“இது முதல் அளவு மட்டும்தான் அம்மே,” என்றார். “இங்க என்ன உண்டோ, அதெல்லாம் வரையுறது என் வேலை. சமாதின்னு வரைஞ்சிருக்கேன். பின்னே அவங்க என்ன தீர்மானிக்கும்னு நான் சொல்லக் கழியாது. கல்லு மாத்திரம் அதோட இடத்துக்குப் போகணும்.”

ருக்மணி ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். மஞ்சளும் குங்குமமும் போகும்வரை தானே கழுவினாள். இரண்டு ஆட்கள் அதைப் பெயர்த்துத் தூக்கிப் போனபோது கூடவே வாய்க்கால் வரை நடந்தாள். திரும்பி வந்து, குழி விழுந்த தலைமாட்டைக் கையால் மண் தள்ளி மெதுவாக மூடினாள்.

சாயங்காலம் முருகேசனே தன் காட்டிலிருந்து ஒரு கருங்கல்லை உருட்டி வந்தார். எண் எதுவும் இல்லை என்று சுற்றிக் காட்டிவிட்டுத்தான் நட்டார். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்த நீலப் பெயிண்ட் அவர் வீட்டில் மிச்சம் இருந்தது. வேப்பங்குச்சியை மென்று தூரிகையாக்கி, கல்லின் முன் உட்கார்ந்து நான் எழுதினேன். அடுத்து கருவியோடு யார் வந்தாலும் இது இன்னாருடைய இடம் என்று தெரிய வேண்டும் அல்லவா? பழனிச்சாமி. இருட்டுவதற்குள் முடித்துவிட்டேன்.

“என்னன்னு எழுதியிருக்குதுங்க?” என்றாள் தங்கை.

படித்தேன். எங்கள் வீட்டுப் பெண்கள் கட்டியவர் பெயரை வாயால் சொல்வதில்லை.

“இன்னொருக்காப் படிங்க,” என்றாள். நான்கு முறை படிக்க வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஊர் திரும்பினேன். அளவு எடுக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் என் அனுபவத்தில் சொல்வது இது: உங்கள் எல்லைக் கற்களை முந்தின நாளே போய்ப் பார்த்துவிடுங்கள், பூசியதைக் கழுவிவிடுங்கள், அந்தக் கல் எப்படி அங்கே வந்தது என்று வயதானவர்களைக் கேளுங்கள். மறையூர் போகிறவர்கள் உடுமலையிலேயே சாப்பிட்டுவிட்டு, தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டு வழியில் கடை கிடையாது. மாலையில் சாவடி மூடுவதற்கு முன் போய்ச் சேருங்கள்.

அந்த மேட்டில் பல்கலைக்கழகம் வருமா, வந்தால் சமாதியை விட்டுவைப்பார்களா, எங்களுக்குத் தெரியாது. அதற்கு முன் நீங்கள் யாராவது அந்தப் பக்கம் போனால் விளிம்பில் நீல எழுத்துக் கல் ஒன்று நிற்கும். மனதுக்குள் படிக்க வேண்டாம். சத்தமாகப் படியுங்கள். கீழே கரும்புக்குள் என் தங்கை வேலையாக இருப்பாள். அவளுக்குக் கேட்கும்.