எந்தக் கால்

எங்கள் பக்கத்தில் நோயாளியைவிட நோய் விசாரிக்க வருகிறவர்கள்தான் தெம்பாக இருப்பார்கள். பன் பாக்கெட், ஆரஞ்சு, ஹார்லிக்ஸ் சகிதம் வந்து உட்கார்ந்தால், எங்கே வலி, எப்போதிலிருந்து, எந்த டாக்டர் என்று ஆதியோடந்தமாகக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

அப்பா தூத்துக்குடி ஹார்பரில் கிரேன் ஓட்டினார். நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஒருநாள் வேலைக்குப் போகாமல் படுத்தவர், பிறகு போகவே இல்லை. சவரம் கிடையாது, பேச்சு கிடையாது. சீலா மீன் குழம்பு வைத்தாலும் இரண்டு வாய்தான். சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்த டாக்டர், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒன்றுமில்லைதான் அம்மாவைக் கலங்கடித்தது. ஒன்றுமில்லாமல் படுத்திருப்பவனை ஊர் கிறுக்கன் என்றுவிடும். அப்பாவின் தங்கைக்கு வேறு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே அம்மா அப்பாவின் காலில் ஒரு பேண்டேஜைச் சுற்றி, கிரேனிலிருந்து இறங்கும்போது பிசகிவிட்டது என்றாள். ஊருக்கு நிம்மதி. ஆளுக்கொரு தைலம் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன். ஆரஞ்சில் பாதி எனக்குத்தான் கிடைத்தது.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, ஏரலில் கடை வைத்திருந்த பெரியப்பா, மாப்பிள்ளை வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். காலையில் அப்பாவைக் குளிப்பாட்டிய அவசரத்தில் அம்மா பேண்டேஜைக் கால் மாற்றிச் சுற்றியிருந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நேத்து அந்தக் கால்லதானம்மா கட்டு இருந்துது?"

யாரும் சிரிக்கவில்லை. அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். பெரியப்பா கட்டிலை நெருங்கிக் குனிந்தார்.

"ஏலே, எந்தக் காலுல நோவுது?"

அப்பா தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கால்ல இல்லண்ணே."

அத்தனை பேருக்கும் முன்னால் அவர் அழுதார். மாப்பிள்ளை வீட்டார் வெயிலைப் பற்றி ஏதோ பேசிவிட்டு எழுந்தார்கள். காபி ஆறிப்போனது. அந்தச் சம்பந்தம் பிறகு பேச்சிலேயே வரவில்லை.

எனக்கு அவமானம் தாங்கவில்லை. ஆம்பளை அழுவதை அதுவரை நான் பார்த்ததில்லை. பள்ளியில் கேட்டவர்களிடம் அப்பா கப்பலில் போயிருக்கிறார் என்று சொன்னேன். எல்லாக் குற்றமும் கால் மாறிப்போன அந்தப் பேண்டேஜில்தான் இருக்கிறது, அம்மா சரியான காலில் சுற்றியிருந்தால் எல்லாம் நன்றாக நடந்திருக்கும் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கால்ல இல்லை என்று அவர் சொன்ன பிறகு, அப்படியென்றால் எங்கே என்று அங்கிருந்த ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.