சைலோ மாறி ஏறிய சாம்பல்

அந்தக் கான்கிரீட் தொழிற்சாலையில் அவளுக்கு ‘டம் டம் அக்கா’ என்று பெயர். சிமெண்டுக்கு ஒன்று, நிலக்கரிச் சாம்பலுக்கு ஒன்று என நின்ற இரண்டு உயரமான இரும்புத் தொட்டிகளை, அதாவது சைலோக்களை, மரச்சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே இருப்பைச் சொல்லிவிடுவாள். அளவு காட்டும் கருவி பழுதாகி ஒன்றரை வருடமாகிறது. ஸ்டோரில் பன்னிரண்டு வருட வேலை. படுத்த படுக்கையான கணவனுக்கும் பத்தாம் வகுப்பு மகளுக்கும் அதுதான் சோறு.

அன்று பதினோரு மணிக்குச் சுத்தியலோடு ஏணியில் ஏறினாள்.

“அக்கா, சிமெண்டுக்கு நாடி எப்படி இருக்கு? பொழைச்சுக்குமா?” என்று கலவை போடும் ஆபரேட்டர் கேபினிலிருந்து கத்தினான்.

பதில் சொல்லுமுன் இரண்டு சைலோவையும் தட்டிப் பார்த்தாள். காலையிலிருந்து கலவை போட்டுக் குறைந்திருக்க வேண்டிய சிமெண்ட் சைலோ, உச்சிவரை ‘தொம்’ என்று கனத்தது. சற்றுமுன் டேங்கர் லாரி நிரப்பிவிட்டுப் போன சாம்பல் சைலோவோ காலிக்குடம்போல் ‘டங்’ என்றது.

ஐயோ! சாம்பல் சிமெண்டுக்குள் போய்விட்டது!

நிரப்பும் குழாய்களின் பூட்டை அவளே திறக்க வேண்டும், டிரைவரிடம் சாவி தரக்கூடாது. அவளே போட்ட சட்டம் அது. இன்று மணல் லாரியும் சேர்ந்து வந்துவிட்டது. மணலைக் கையில் பிடித்து ஈரம் பார்த்தபடியே சாவிக்கொத்தை டேங்கர் டிரைவரிடம் நீட்டிவிட்டாள். அவனோ புது ஆள்.

“தம்பி, டேங்கர் போனப்புறம் எத்தனை கலவை வண்டி போச்சு?”

“மூணு. ஸ்கூலுக்குக் கூரை போடுறாங்கல்ல? ஏன்க்கா, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?”

கீழே இறங்கியபடியே சொன்னாள். அவன் பதறிப்போய் இறங்கி வந்தான்.

“மெதுவாப் பேசுக்கா! நாம எப்பவும் கலக்குற சாம்பல்தானே? வாயத் தொறந்தா உன் வேலை போயிரும். கூடவே என்னையும் தாளிச்சுருவாங்க.”

“அளவாக் கலந்தா சரி. இதுல எவ்வளவு போச்சுன்னு உனக்குத் தெரியுமா? கூரை கெட்டியாகலேன்னா? புள்ளைங்க உக்கார்ற இடம்டா!”

போனை எடுத்து அடித்தாள். ஸ்கூல் கட்டட இன்ஜினியர் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். ஒவ்வொரு மணிக்கும் அவள் உயிர் போய்ப் போய் வந்தது.

“சொல்லுங்கம்மா. முதல் வண்டிக்குக் குழாய் மாட்டியாச்சு...”

“ஊத்தாதீங்க சார்! ஒரு சட்டிகூட ஊத்தாதீங்க! மூணு வண்டியையும் திருப்பி அனுப்புங்க!”

எதிர்முனையில் “நிறுத்து, நிறுத்து!” என்ற கூச்சல். பிறகு நீண்ட இரைச்சல். “கொஞ்சந்தான் விழுந்திருக்கு. அள்ளிடறோம்” என்ற குரல் வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆபீஸ் மாடிப்படியில் மேனேஜர் நின்றார்.

“யாரைக் கேட்டு வண்டிய நிறுத்துனீங்க?”

“சாவியை டிரைவர்கிட்ட நான்தான் சார் குடுத்தேன். சாம்பல் மாறி ஏறிடுச்சு.”

அவர் வரும்படி விரலைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

“இரு அக்கா, நானும் வரேன்” என்றான் ஆபரேட்டர்.

இருவரும் படியேறினார்கள். அறைக்கதவு திறந்தே கிடந்தது. உள்ளே காலெடுத்து வைக்கத்தான் அவளுக்குத் துணிவு வரவில்லை.