பக்கத்துக் கடையில் ஏரியல்

கடையின் இரும்புக் கதவைத் தூக்கிவிட்டு, சாமி படத்துக்கு ஊதுவத்தி கொளுத்திய கையோடு உடையப்பன் ஸ்டூலின்மேல் ஏறுகிறார். கூரை ஏரியலிலிருந்து இறங்கி வரும் கம்பி சுவரில் ஒரு கட்டையோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து வேலை மேசைவரைக்கும் ஓடுகிற பட்டை வயரைத் திருகாணி தளர்த்திக் கழற்றுகிறார். முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே சுற்றிச் சுருளாக்கிக்கொண்டு பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கு நடக்கிறார். கல்லாவில் உட்கார்ந்திருக்கும், எல்லோரும் காக்கா என்று கூப்பிடுகிற லியாகத் அலியின் முன்னால் வைக்கிறார்.

"காக்கா, வச்சிக்குங்க. நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க லா."

சிலிபின் கடைத்தெருவில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒருவர், தன் கடையில் டிவி தெரியக்கூடாது என்று ஏரியலை அடுத்த கடையில் அடகு வைத்ததுபோல் கொடுத்துவிட்டுப் போகிறார். கடை அடைக்கும் நேரத்தில்தான் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வார். லியாகத் அலிக்கு இது முதல் நாளிலிருந்தே பிடிபடவில்லை. மீன்காரன் கூடையை அடுத்த வீட்டில் வைத்துவிட்டா மீன் விற்கப் போவான் என்று சமையற்காரரிடம் கேட்டார். ஏதோ உள்குத்து இருக்கிறது என்று தீர்மானித்தார்.

சந்தேகம் லியாகத் அலிக்குப் பிறவிக் குணம். பால் வந்தால் விரலை விட்டு வழித்துப் பார்ப்பார். ரொட்டிக்கு மாவு பிசைகிறவர் பின்பக்கம் போனால் எப்போது திரும்புகிறார் என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பார். சீனி வேண்டாம் என்று தேநீர் கேட்கிறவர்களிடம்கூட அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு. அப்படிப்பட்டவரைத் தேடிப் போய் உடையப்பன் காவல் வைத்தாரே, அங்கேதான் அவருடைய புத்திசாலித்தனம் இருக்கிறது. இளகிய மனசுக்காரர் கையில் கொடுத்திருந்தால் வயர் மத்தியானத்துக்குள் திரும்பி வந்திருக்கும்.

உடையப்பனுக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லி உடம்பு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி. விரல்களில் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் இழுத்த கோடுகள். திறந்து கிடக்கிற பெட்டிகளோடு பேசுவார். "என்னாடா, ஒனக்கு என்னா நோவு?" என்று அவர் விசாரிப்பதைக் கேட்டு உள்ளே ஆள் இருக்கிறதென்று வாசலில் காத்து நின்றவர்களும் உண்டு. கை சுத்தமான கைதான். கண்தான் அவருக்கு எதிரி. ஓடுகிற படம் எதுவானாலும் அதில் விழுந்துவிடும். கேன்டனிஸ் ஒரு சொல் தெரியாது. ஆனால் சீனத் தொடர்களில் யார் யாருக்கு விஷம் வைத்தார்கள் என்று ஒரு வாரக் கதையைத் தேநீர்க் கோப்பை ஆறும்வரை சொல்வார். மல்யுத்தம் என்றால் சோறு வேண்டாம். காலையில் பள்ளிப்பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் ஓடினாலும் நின்று, விடை வரும்வரை நகர மாட்டார்.

போன தீபாவளிக்கு முந்தின நாள்தான் எல்லாம் கெட்டது. டிவிக்குப் பின்னால் நின்று வேலை செய்கிறவருக்குப் படம் தெரியாது. அதனால் எதிரே ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, அதில் பார்த்துக்கொண்டே திருகுவது அந்தத் தொழிலில் வழக்கம். குனோங் ராபாட்டிலிருந்து ஐயாவு என்கிற வாடிக்கையாளர் கொண்டுவந்த பெரிய கலர் டிவி மேசையில் இருந்தது. கண்ணாடியில் மல்யுத்தம். தாடிக்காரன் கீழே விழுகிறானா இல்லையா என்று உடையப்பன் பார்த்த நேரத்தில் சூட்டுக்கோல் வழுக்கி வேறோர் இடத்தைத் தொட்டது. உள்ளே ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். பண்டிகைக்குப் பேரப்பிள்ளைகளை வரச் சொல்லியிருந்த ஐயாவு, செத்த டிவியை வேனில் ஏற்றிக்கொண்டு போனார். போனவர் சும்மா இருக்கவில்லை. நல்லதாகக் கொடுத்ததை ரோசாக் ஆக்கி, ஒன்றுக்கும் உதவாமல் தந்தான் என்று மார்க்கெட்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதற்கப்புறம்தான் உடையப்பன் ஏரியலைக் கழற்றினார். சோதித்துப் பார்க்க வண்ணக்கோடுகளை மட்டும் காட்டுகிற ஒரு சின்னப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். கோடு நேராக நின்றால் டிவி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கோட்டில் கதை இல்லை, தாடிக்காரன் இல்லை. வேலை ஓடியது. கோணல்மாணலாக அடுக்கிக் கிடந்த பெட்டிகள் ஒவ்வொன்றாக வீடு திரும்பின.

ஆனால் சனங்கள் லேசில் நம்புவார்களா? டிவியைத் திரும்ப வாங்க வருகிறவர்கள் அதில் மனுசர் நடமாடுவதைப் பார்க்க வேண்டும். கோட்டைக் காட்டினால் முகம் சுருங்குகிறது. ஏரியல் இல்லாத டிவிக் கடையா, உள்ளே இருந்த நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழசை வைத்துவிட்டானா என்று கண்ணாலேயே கேட்பார்கள். அப்போது உடையப்பன் அவர்களையே பக்கத்துக் கடைக்கு அனுப்பி வயரை வாங்கிவரச் சொல்வார். டிவிக்குச் சொந்தக்காரர் நேரில் வந்தால்தான் வயர் என்பது இருவருக்கும் ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்திலும் உடையப்பன் ஓட்டை போட்டார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து, டிவி எடுக்க வந்திருப்பதாகச் சொல்லி வயரை வாங்கிப் போனார். நெடுநேரமாகியும் அவர் டிவியோடு வெளியே வரவில்லையே என்று லியாகத் அலி எட்டிப் பார்த்தால், இருவரும் ஸ்டூல் போட்டு மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்றவரை உடையப்பன் கெஞ்சிக் கூட்டி வந்திருக்கிறார். இன்னொரு தடவை, கோலாலம்பூர் மச்சான் டிவியில் வருகிறார், ஒரே ஒரு நிமிசம் என்று கேட்டு வாங்கினார். அங்கே மச்சானும் வரவில்லை, மாமனும் வரவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. அதிலிருந்து லியாகத் அலி நினைத்தபோதெல்லாம் தேநீர்க் கோப்பை எடுக்கிற சாக்கில் அந்தக் கடைக்குள் நுழைவார். மேசைக்கு அடியில் இரண்டாவது வயர் ஏதும் ஒளித்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்.

அப்படி ஒரு திங்கட்கிழமை நுழைந்தபோதுதான் நல்லம்மாள் வந்திருந்தார். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் சீவுகிறவர். சேலைத்துணியில் சுற்றிய சின்னக் கறுப்புவெள்ளை டிவியை டாக்சியில் மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தார். படம் சுருங்கி நடுவில் ஒற்றைக் கோடாகிவிட்டதாம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் தமிழ் நிகழ்ச்சி ஆரம்பிப்பதற்குள் வேண்டும் என்றார். உடையப்பன் வழக்கம்போல் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இழுத்தார். அதற்குமேல் அந்த அம்மாள் காரணத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று.

மகள் தானே ஒருவரைத் தேடிக் கட்டிக்கொண்டு கோலாலம்பூர் போய் நாலு வருசம். அப்பா அவள் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார். அவள் பேச்சை எடுத்தால் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார். இப்போது அவள் ஒரு பெண்கள் குழுவில் பாடுகிறாளாம், வெள்ளிக்கிழமை டிவியில் வருகிறாளாம் என்று டவுனில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் புருசன் கோயில் கூட்டத்துக்குப் போய்விடுவார். அதற்குள் பார்த்துவிட வேண்டும். லயத்து வரிசையில் வேறு வீடுகளில்தான் டிவி இருக்குமே என்று உடையப்பன் கேட்டார்.

"அடுத்த வூட்டுல போயி பாத்தா அவங்க டிவிய பாக்க மாட்டாங்க தம்பி. என் மூஞ்சியத்தான் பாப்பாங்க."

உடையப்பன் சேலைத்துணியைப் பிரித்து மடித்து அந்த அம்மாளிடமே கொடுத்துவிட்டு டிவியைத் தூக்கி மேசையின் நடுவில் வைத்தார். கோப்பையோடு வெளியே வந்த லியாகத் அலி வாசலிலேயே நின்று திரும்பிப் பார்த்தார். போன தடவை மச்சான், இந்தத் தடவை மகளா? இவன் எங்கே பிடித்தான் இந்த அம்மாளை?

வெள்ளிக்கிழமை மத்தியானமே நல்லம்மாள் வந்துவிட்டார். வேலை முடியவில்லை. மாற்ற வேண்டிய சாமான் அன்று காலையில்தான் கிடைத்திருந்தது. அதைப் போட்டும் படம் விரிவதும் சுருங்குவதுமாக ஆட்டம் காட்டியது. அந்த அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். உடையப்பன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று லியாகத் அலியின் கடைச் சமையற்காரர் வந்து சொன்னார். நடிப்பு பலமாகத்தான் இருக்கிறது என்று லியாகத் அலி நினைத்துக்கொண்டார். ஆனாலும் அவருக்குக் கல்லாவில் இருப்புக் கொள்ளவில்லை.

கோடுகள் கடைசியில் நேராக நின்றபோது நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது. இனி டாக்சி பிடித்துச் சுங்கை சிப்புட் போக முடியாது. உடையப்பன் வேர்த்து ஒழுகப் பக்கத்துக் கடைக்கு ஓடிவந்தார்.

"காக்கா, வயர் குடுங்க. அந்தக்கா மவ வர்ற நேரம்."

லியாகத் அலி இழுப்பறையைத் திறந்தார். வயரை எடுத்தார். ஆனால் அவர் கையில் கொடுக்கவில்லை. சுருளைத் தன் கைக்குள்ளேயே பிடித்துக்கொண்டு, நான் வந்து பார்க்கிறேன் என்று முன்னால் நடந்தார். உள்ளே போய் நல்லம்மாளுக்கு முன்னால் நின்று, எந்தத் தோட்டம், எத்தனை பிள்ளைகள் என்று போலீஸ்காரர்போல் கேட்டார். அந்த அம்மாள் சொன்னார்.

"மவ பேரு என்னா?"

நல்லம்மாள் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"நவமணி," என்றார். "நாலு வருசமா வாய்விட்டுச் சொல்லல காக்கா. இப்பத்தான் சொல்லுறேன்."

லியாகத் அலிக்கு முகம் கறுத்துவிட்டது. இத்தனை சந்தேகம் ஒரு மனுசனுக்கு ஆகாது என்று அந்த நொடியில் தன்மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது. அவரே ஸ்டூலில் ஏறி வயரைச் சுவர்க்கட்டையில் மாட்டினார். மறுமுனையை உடையப்பன் டிவியின் முதுகில் திருகப் போனார். அது கையோடு வந்துவிட்டது. தினமும் கழற்றி, சுற்றி, மடக்கி, பிரித்து, உள்ளே இருந்த செம்புக்கம்பி கழுத்தில் நைந்து போயிருந்தது. சூட்டுக்கோல் ஆறிக் கிடந்தது. அது காய்வதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

உடையப்பன் பல்லால் வயரின் தோலை உரித்தார். எதிரே நின்ற கண்ணாடி நல்லம்மாளுக்கு மறைக்கும் என்று அதை எடுத்துக் கீழே சாய்த்தார். டிவிக்குப் பின்னால் போய், திருகாணியில் சுற்ற நீளம் போதாத இரண்டு கம்பிகளையும் இரண்டு திருகாணிகளின்மேல் விரலால் அழுத்திப் பிடித்தார். எறும்பு ஊர்வதுபோல் புள்ளி பறந்த திரையில் ஆட்கள் தெரிந்தார்கள். விரல் சற்று அசைந்தாலும் ஆட்கள் போய் எறும்பு வந்தது. அவர் மூச்சைக்கூட அளந்துதான் விட்டார். அறிவிப்பாளர் பேசி முடித்ததும் ஒரே மாதிரி சேலை கட்டிய பெண்கள் வரிசையாக நின்று பாட ஆரம்பித்தார்கள்.

லியாகத் அலி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். வேடிக்கை பார்க்க வந்த இரண்டு பேரை முறைத்தே திருப்பி அனுப்பினார். வரிசையில் எந்தப் பெண் என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. பழக்கதோசம், அவர் கண் உடையப்பன்மேலேயே இருந்தது. இந்த மனுசனால் படத்தை விட்டுவைக்க முடியாது. கழுத்து நீளும், விரல் நழுவும், படம் போகும். அப்படிப் போனால் ஓடிப்போய்த் தானே வயரைப் பிடித்துக்கொள்வதென்று ஒரு காலை உள்ளே வைத்துத் தயாராக நின்றார்.

நல்லம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்தார். திரைக்கு முன்னால் மண்டியிட்டு, வரிசையின் ஓரத்தில் நின்ற ஒருத்தியின்மேல் விரலை வைத்தார். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டும் அழுகை நிற்கவில்லை. முகம் உடைந்து கோணிப் போயிற்று. டிவியின் முதுகுப்புறம் நிற்கிற உடையப்பனுக்கும் அந்த முகத்துக்கும் நடுவே ஒரு முழத் தூரம்தான் இருக்கும்.

அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். விரல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. லியாகத் அலி உள்ளே வைத்த காலை வெளியே எடுத்துக்கொண்டார். திரையில் ஓர் எறும்புகூட ஊரவில்லை. பாட்டு முடிந்து வேறு ஏதோ இசை ஆரம்பித்தது. அழுகைச் சத்தம் அடங்கி, வளையல் சத்தம் கேட்கும்வரை உடையப்பன் அப்படியே நின்றார். பிறகு மூடிய கண்ணோடு கேட்டார்.

"அக்கா, தொறக்கலாமா?"