மீன் பறியில் நெல் ஏற்றிய நாள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் வயல்காரர். மற்றப் பாதி வாவியில் மீன்பிடித் தொழில் செய்பவர்கள். இரண்டு பகுதியாரும் ஒரே பந்தலில் தோளோடு தோள் முட்ட இருந்து அக்காவின் ஓராண்டு நினைவைக் கொண்டாடுகிறீர்கள் என்றால், அதற்கு ஒரு மீன் பறிதான் காரணம். அந்தக் கதையைச் சொல்ல ஒரு வருடமாக என் வாய் துடித்துக்கொண்டிருக்கிறது!

அக்கா வெல்லாவெளியில் வயல் செய்த வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தார். யுத்தம் நடந்த பிரச்சினைக் காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து வாவிக்கரைக்கு வந்தபோது அப்பா உயிரோடு இல்லை. அக்கா தையல் மெஷினை மிதித்தே அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். பின்னர் வாவியில் வலை வீசும் அத்தான் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார். நானும் இரண்டு வீதி தள்ளிக் கலியாணம் முடித்து, அப்பாவின் வயல்வட்டையில் மறுபடி நெல் விதைத்தேன்.

அக்காவிடம் ஒரு கேள்வி இருந்தது. போதகர் ஐயா வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி ஆறுமுன் கேட்டுவிடுவார்.

"ஐயா, ஆண்டவர் நல்லவர் எண்டு எனக்குத் தெரியும். ஆருக்கு நல்லவர்?"

ஐயா கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்.

அது சும்மா கேட்ட கேள்வி அல்ல. மாரி மழையில் வெள்ளம் ஏறினால், பயிர் மூழ்காமல் முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டி, வாவித் தண்ணீரைக் கடலுக்கு விடச் சொல்லி வயல்காரர் கேட்போம். அவசரப்பட்டு வெட்டினால் வளருகிற இறாலும் மீனும் தண்ணீரோடு போய்விடும் என்று வாவிக்காரர் மறிப்பார்கள். அப்படி ஒரு மாரியில், ஞாயிறு ஆராதனையில் நான் எழுந்து, "ஆண்டவரே, முகத்துவாரம் கெதியா வெட்டுப்படவேணும்" என்று மன்றாடினேன். நான் உட்காருமுன் அத்தான் எழும்பி, "ஆண்டவரே, இன்னும் ரெண்டு கிழமைக்கு வெட்டப்படாது" என்றார். சபை இரண்டுக்குமே ஆமென் சொன்னது!

மூன்றாம் நாள் வெட்டினார்கள். என் பயிர் தப்பியது. அத்தானின் வலை வெறுமையாக வந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். சந்தியில் நாலு பேர் கேட்க, "ஆண்டவர் ஆர்ட பக்கம் எண்டு இப்ப விளங்கிச்சா அத்தான்?" என்றேன். அடுத்த ஞாயிறு முதல் அத்தான் ஆலயத்துக்கு வரவில்லை. இருவரும் சேர்ந்து உட்காரும் ஆலய வாங்கில் அக்கா தனியே இருந்தார். புருஷனுக்கும் ஆண்டவருக்கும் இடையில் நான் மூட்டிவிட்ட கோபம் அது.

அறுவடைத் தோத்திர நாள் வந்தது. முதல் கதிர்க்கட்டைப் பீடத்தின் முன் வைத்து, "என் ஜெபத்தைக் கேட்டார்" என்று பெருமையாகச் சாட்சி சொன்னேன். அப்போது அக்கா எழுந்து வந்தார். அவர் கையில் அத்தானின் பெரிய பறி, தண்ணீர் வடிய இடைவெளி விட்டுப் பின்னிய மீன் கூடை. அதை வெறுமையாகவே என் கதிர்க்கட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தம்பி, உன்ட ஜெபத்தைக் கேட்டவர் அத்தான்ட ஜெபத்துக்குக் காதைப் பொத்தினவரா? அப்பிடி ஒருவரை எனக்குக் கும்பிட ஏலா. உன்ட வயல்ல சிரிச்சவரும் அவர்தான். வெறும் வலையோட வந்த மனிசன்ட தோணியில கூட இருந்து அழுதவரும் அவர்தான். இந்த வெறும் பறியும் காணிக்கைதான்."

பின்வாங்கிலிருந்து ஒரு குரல்: "ஐயா, இண்டைக்குப் பிரசங்கம் முடிஞ்சுது. நீங்க அடுத்த பாட்டுக்குப் போங்க!"

எனக்கு முகம் காட்ட முடியவில்லை. மறுநாள் காலையில் ஆலயத்தில் இருந்த அந்தப் பறியை எடுத்துவந்து, அடியில் வாழையிலை போட்டு, நெல்லை நிறைத்து, அத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகச் சைக்கிளில் கட்டினேன். வயல்காரன் மூளை! முதல் பள்ளத்திலேயே இலை கிழிந்தது. பின்னால் கோழிகள் ஓடி வருவதைக்கூட நான் கவனிக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது பறியில் கால்வாசிதான்.

வீட்டு வாசல் படலையடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மச்சான், பறியில நெல்லா? பொறு, நாளைக்கு நான் சாக்கில தண்ணி அள்ளிக்கொண்டு வாறன்."

"அத்தான், சந்தியில சொன்னது பிழை. மன்னிச்சிருங்க."

"முதல்ல கோழியைக் கலைடா!"

அவர் சிரித்துவிட்டார். மாதங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கா வீதியைப் பார்த்தார். என் வீட்டிலிருந்து அவர் வீடு வரை நெல்லால் ஒரு கோடு. அதன் மேல் கோழிகள், காகங்கள், பக்கத்து வீட்டு ஆடு.

"பாத்தியா தம்பி, பாத்தியா! நீ ஒரு வீட்டுக்கெண்டு கட்டினாய், வழியெல்லாம் தின்னுது. இப்பிடித்தான்டா அவர்! ஒரு ஆளுக்கெண்டு மட்டும் அவருக்குக் குடுக்கத் தெரியா!"

கை தட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை போல் நின்றார். ஆருக்கு நல்லவர் என்று அவர் தேடிய விடை வீதியில் கிடந்தது. அடுத்த ஞாயிறு அத்தான் அதே வாங்கில் வந்து இருந்தார். அதன் பிறகு போதகர் ஐயா அக்கா வீட்டில் தேத்தண்ணியைச் சூடாகவே குடித்தார்.

அவர் நோயில் படுத்திருந்த கடைசி நாட்களில், "அக்கா, அவரிட்டக் கேக்க இனி ஒண்டும் இல்லையோ?" என்று சீண்டினேன். "இருக்குடா. நீங்க ரெண்டு பேரும் மன்றாடின அண்டைக்கு அவர் சிரிச்சவரா எண்டு கேக்கோணும்" என்றார். இரண்டு நாள் கழித்து, விடியலில், அத்தானின் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போனார்.

இந்த மாரியிலும் வெள்ளம் ஏறியது. ஆராதனையில் நான் எழுந்து அத்தானின் வலைக்காக மன்றாடினேன். நான் உட்காருமுன் அத்தான் எழும்பி என் பயிருக்காக மன்றாடினார். போதகர் ஐயா குழம்பிப்போய், "அப்ப முகத்துவாரத்தை வெட்டுறதா, வேணாமா?" என்றார். "அதை அரசாங்கக் கச்சேரிக்காரர் பாக்கட்டும் ஐயா" என்றார் அத்தான்.

அக்காவை இரவு பகல் பாராமல் பார்த்த தாதியருக்கும், கஞ்சி கொண்டுவந்த அயலவருக்கும், பெட்டியைத் தோள் கொடுத்துச் சுமந்த வயல்காரருக்கும் வாவிக்காரருக்கும், அக்காவின் தையலுக்குத் துணி தந்து, எங்களோடு நின்று அழுத காத்தான்குடித் துணிக்கடை நண்பருக்கும் எங்கள் குடும்பம் கை கூப்புகிறது.

போகும்போது பந்தல் வாசலில் ஆளுக்கு ஒரு பிடி நெல் தருவோம். தயவுசெய்து அதைத் துணியில் முடிந்துகொண்டு போகாதீர்கள். வழியில் கொட்டிக்கொண்டே போங்கள்.